பாலாற்றங்கரை ஊராட்சி எதை முதலில் எடுப்பது?

பாலாற்றங்கரையில் ஓர் ஊராட்சிக்குத் தலைவராக இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். ஊர்க் குப்பை ஏரிக்கரையில் கொட்டப்படுகிறது. போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. மேற்கே டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். ஆற்றில் மணல் போய்க் களிமண் தெரிகிறது. கையில் இருக்கும் நிதி ஒன்றிரண்டு வேலைக்குத்தான் காணும். ஒரு பயிற்சி வகுப்பில் சுற்றுச்சூழல் பிரச்சினைகளுக்கான முடிவெடுக்கும் கட்டமைப்புகள் என்று அம்புக்குறி போட்ட படங்களைக் காட்டினார்களாம். ஒரு மதிப்பெண் அட்டவணையும் கொடுத்தார்களாம். "இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகுமா? எதை முதலில் எடுப்பது?" இதுதான் கேள்வி.

ஆகும். ஆனால் வரிசை மாறினால் அதே கருவி ஊரைக் கெடுக்கும். போனால் திரும்பி வராதது எது என்பதை முதலில் பிரித்தெடுத்துத் தனியே வைக்க வேண்டும். அதை மதிப்பெண் போட்டிக்கே விடக் கூடாது. மிச்சம் இருப்பதை அப்புறம் எடை போட்டுக்கொள்ளலாம். பயிற்சிகளில் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் அட்டவணையைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம் மாவட்டத்து அனுபவம் தெரிந்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அந்த அனுபவம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் உச்ச நீதிமன்றம் போனது. டேனரிக் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது என்பது வழக்கு. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. டேனரிப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பயிருக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கேடு செய்தவரே செலவைச் சுமக்க வேண்டும், அறிவியல் முழுதாக நிரூபிக்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. இன்று இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இதை மேற்கோள் காட்டுகிறார்கள். நம் கிணறுகள் கெட்டதால் வந்த தீர்ப்பு அது.

அதன் பிறகு நடந்ததைத்தான் உள்ளாட்சியில் இருப்பவர்கள் நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பின்படி இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001 மார்ச்சில் அது உத்தரவு போட்டது. 186 கிராமங்கள், 29,193 பேர், 547 டேனரிகளிடமிருந்து 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வரவில்லை. அதுவும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30ல் உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டது. ஆறு வாரத்துக்குள் அரசே பணத்தைக் கொடுக்க வேண்டும், பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்லி, மேற்பார்வைக்கு ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. வழக்குப் போட்டு 34 வருடம் ஆகியிருந்தது. 1991ல் நாற்பது வயதில் நிலத்தை இழந்த ஒரு விவசாயிக்கு அப்போது எழுபத்து நான்கு வயது இருக்கும், உயிரோடு இருந்தால்.

அப்புறம் ராணிப்பேட்டை. சிப்காட்டில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டது. ஆலை போனது, தோல் பதனிடப் பயன்படும் உலோகமான குரோமியத்தின் கழிவு மலை போகவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிகிறது. அதை அகற்றுவதா, அங்கேயே மூடி வைப்பதா, செலவு யாருடையது என்று வருடக்கணக்கில் பேச்சு நடந்தது. ஓடும்போது தடுத்திருந்தால் அந்தச் செலவில் சிறு பங்கு போதும். அதே ராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31ல் டேனரிக் கழிவுநீருக்கான ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் செத்துப்போனார்கள். தீர்வு என்று கட்டியதே பத்து உயிரைக் குடித்தது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தைத் திறந்துவைத்ததும் பிரச்சினை முடிந்தது என்று கோப்பை மூடக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

இப்போது உங்கள் பயிற்சியில் காட்டிய படத்துக்கு வருகிறேன். ஐந்து பெட்டிகளும் அம்புக்குறிகளும் இருந்தது என்றால் அது ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை பரவலாக்கிய முறையாக இருக்கும். உந்துதல், அழுத்தம், நிலை, தாக்கம், எதிர்வினை. நம் ஊருக்கு இப்படி நிரப்பலாம். உந்துதல்: வெளிநாட்டில் தோல் செருப்புக்கும் ஷூவுக்கும் இருக்கும் கிராக்கி. அழுத்தம்: பச்சைத்தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பும், பதனிடப் பயன்படும் குரோமியமும். நிலை: கிணற்றில் ஏறும் உப்பு அளவு. தாக்கம்: தென்னை காய்க்காமல் போவது, பெண்கள் கேன் தண்ணீருக்குக் காசு கொடுப்பது. எதிர்வினை: சுத்திகரிப்பு நிலையம், காவிரிக் கூட்டுக் குடிநீர்.

இதை நிரப்பியதும் ஒரு உண்மை கண்ணில் படும். முதல் இரண்டு பெட்டிகளில் ஊராட்சியின் கை போவதே இல்லை. ஒரு ஆலையை மூடச் சொல்லும் அதிகாரம் 1974ம் வருடத்து நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை ஊராட்சிகளுக்கென்று 29 துறைகளைச் சொல்கிறது. குடிநீர் உண்டு, சிறுபாசனமும் நீர்வடிப் பகுதி மேம்பாடும் உண்டு, சுகாதாரம் உண்டு, சமூகக் காடு வளர்ப்பு உண்டு. தொழிற்சாலை மாசு இல்லை. அதனால் "டேனரி மாசைத் தடுப்போம்" என்று தீர்மானம் போட்டால் அது காகிதத்தோடு நிற்கும். "எங்கள் ஊரின் இந்த மூன்று கிணறுகளில் மாதாமாதம் தண்ணீர் எடுத்துச் சோதித்து, முடிவைத் தேதியோடு மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புவோம்" என்று போட்டால் அதை உங்களால் நிறைவேற்ற முடியும். அந்தத் தாள்கள் இரண்டு வருடம் சேர்ந்தால் நீதிமன்றத்தில் நிற்கும். 1991ல் வழக்குப் போட்டவர்களுக்குக் கை கொடுத்தது இப்படிச் சேர்ந்த அளவுகள்தான்.

ஆகவே உங்கள் ஒவ்வொரு பிரச்சினைக்கு எதிரிலும் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: நாமே செய்யலாம், பிறரோடு சேர்ந்து செய்யலாம், பிறரைச் செய்ய வைக்கலாம். குப்பை முதல் வகை. ஏரி பெரும்பாலும் இரண்டாவது, ஏனென்றால் கரையும் மதகும் நீர்வளத்துறையிடமோ ஊராட்சி ஒன்றியத்திடமோ இருக்கும். மணலும் டேனரியும் மூன்றாவது. மூன்றாவது வகை என்பதால் விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே உங்கள் வேலை சாட்சி சேகரிப்பது, மனு கொடுப்பது, விடாமல் கேட்பது. பொதுத் தொல்லை என்றால் கோட்டாட்சியர் அகற்ற உத்தரவிடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. பலர் மறந்துபோன வழி இது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிதி இல்லை என்ற பதிலை நீதிமன்றம் ஏற்காது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் நகராட்சி அதைத்தான் சொன்னது. சாக்கடை கட்டப் பணமில்லை என்றது. 1980ல் நீதிபதி கிருஷ்ண ஐயர், பணமில்லை என்று சொல்லி அடிப்படைக் கடமையிலிருந்து நகராட்சி நழுவ முடியாது என்று தீர்ப்பெழுதினார். உங்களுக்கு எதிராகவும் இதைப் படிப்பார்கள், ஒன்றியத்திடம் நிதி கேட்கும்போது உங்களுக்கு ஆதரவாக நீங்களும் படிக்கலாம்.

இனி மதிப்பெண் அட்டவணை. பல அளவுகோல் வைத்து எடைபோடும் முறை என்று இதைச் சொல்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதன் உள்ளே ஒரு பொறி இருக்கிறது, அதைக் கணக்கோடு காட்டுகிறேன். இதில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

குப்பைக்கு மூன்று வழி இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று, இப்போது போலவே ஏரிக்கரையில் கொட்டி, சுற்றி வேலி போடுவது. இரண்டு, பத்துக் கிலோமீட்டர் தள்ளி நாலைந்து ஊராட்சி சேர்ந்து ஒரு பெரிய கூடம். மூன்று, குடியிருப்புக்குக் குடியிருப்பு சிறு உரக்கூடம் கட்டி, வீட்டிலேயே மக்கும் குப்பை மக்காத குப்பையைப் பிரித்து வாங்குவது. அளவுகோல் நான்கு: தண்ணீர்ப் பாதுகாப்பு, நடத்தும் செலவு, மக்கள் ஒத்துக்கொள்வது, எவ்வளவு சீக்கிரம் முடியும். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். ஏரிக்கரைக்குத் தண்ணீரில் 1, செலவில் 9, மக்களிடம் 6, வேகத்தில் 10. பெரிய கூடத்துக்கு 7, 3, 4, 3. சிறு உரக்கூடங்களுக்கு 8, 6, 4, 6.

தண்ணீருக்கு 40 சதவீதம் முக்கியத்துவம், செலவுக்கு 25, மக்களுக்கு 20, வேகத்துக்கு 15 என்று கொடுத்தால் சிறு உரக்கூடம் 6.4 வாங்கி முதலில் வருகிறது. சரி, நல்லதுதான். இரண்டாவது யார் என்று பாருங்கள். ஏரிக்கரை, 5.35. பெரிய கூடம் 4.8 வாங்கிக் கடைசியில் நிற்கிறது. தண்ணீருக்கு நாற்பது சதவீதம் கொடுத்தும், தண்ணீரில் ஒரே ஒரு மார்க் வாங்கிய வழி இரண்டாவது இடம். மலிவும் வேகமும் அதைத் தூக்கிவிட்டன. இப்போது மன்றத்தில் யாராவது, "தண்ணீருக்கு 20 போதும், செலவுக்கு 35 வையுங்கள், வேகத்துக்கு 25" என்று சொன்னால் ஏரிக்கரை 7.05 வாங்கி முதலிடத்துக்கே வந்துவிடும். சிறு உரக்கூடம் 6.0. யாரும் பொய் சொல்லவில்லை, மார்க் ஒன்றும் மாறவில்லை. எடையை மட்டும் நகர்த்தினார்கள். ஏரியில் குப்பை கொட்டுவது அறிவியல் முறைப்படி எடுத்த முடிவு ஆகிவிட்டது.

ஏன் இப்படி வருகிறது? இந்த முறையில் ஓர் அளவுகோலில் வாங்கிய கெட்ட பெயரை இன்னொன்றில் வாங்கிய நல்ல பெயரால் ஈடுகட்டலாம். இரண்டு சாலைகளில் எதை முதலில் போடுவது என்றால் ஈடுகட்டல் நியாயம். குடிநீரில் அது செல்லாது. வேலைவாய்ப்புக்கு எத்தனை மார்க் போட்டாலும் குரோமியம் கலந்த தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகிவிடாது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தரநிலை. அதை மீறும் வழிக்கு மார்க் போடவே கூடாது.

அதனால்தான் அட்டவணைக்கு முன்னால் ஒரு சல்லடை வேண்டும் என்கிறேன். மூன்று கேள்வி போதும். இது சட்டத்துக்கு எதிரானதா? இது குடிநீரைத் தரநிலைக்குக் கீழே தள்ளுமா? இதன் சேதம் நம் பிள்ளைகள் காலத்துக்குள் சரியாகுமா? முதல் இரண்டில் ஒன்றுக்காவது "ஆமாம்", அல்லது மூன்றாவதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் அந்த வழி அட்டவணைக்குள் நுழையக் கூடாது. நீர்நிலையில் குப்பை கொட்டுவது முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். அதன் பிறகு பெரிய கூடமா சிறு கூடமா என்பதை எடை போடுங்கள், அங்கே விவாதம் ஆரோக்கியமாக இருக்கும்.

வேலூர் மாநகராட்சியும் அதைச் சுற்றிய ஊராட்சிகளும் சிறு கூடங்கள் பக்கம் போனது பலருக்குத் தெரியும். குப்பையை வளமாகப் பார்க்கும் அந்த முறையை வேலூர் சீனிவாசன் என்று அறியப்படும் சீனிவாசன் இங்கே தொடங்கிப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனார். அதில் நான் முக்கியமாக நினைப்பது நேரம். தூய்மைக் காவலர் காலையில் வந்து, அன்றைய காய்கறிக் கழிவை அன்றைக்கே எடுத்துப்போய்ப் பிரித்துவிட வேண்டும். ஒரு நாள் தங்கினால் நாறும், நாறினால் பக்கத்து வீட்டுக்காரர் கூடத்தை மூடச் சொல்லி மனு கொடுப்பார். என் அட்டவணையில் மக்கள் ஒத்துக்கொள்வதற்கு 4 மார்க்தான் போட்டேன். நல்லபடி நடத்தினால் அது ஏறும், நடத்தாவிட்டால் எந்தக் கட்டமைப்பும் காப்பாற்றாது.

எதை முதலில் எடுப்பது என்ற கேள்விக்கும் சல்லடையே பதில் சொல்லும். 1987ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 31 பிரச்சினைகளை எடுத்து, உண்மையில் எது அதிக ஆபத்து என்று தன் சொந்த நிபுணர்களைக் கொண்டு வரிசைப்படுத்தியது. முகமை பணம் செலவழித்த வரிசை அதோடு பொருந்தவில்லை. மக்கள் எதற்கு அதிகம் பயந்தார்களோ அதனோடுதான் பொருந்தியது. நமக்கும் அதே சிக்கல். குப்பை கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் தெரியும். எல்லோரும் தலைவரிடம் வந்து கேட்பார்கள். குரோமியத்துக்கு அந்த அளவில் நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மக்கள் கேட்பதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. குப்பை வேலையைச் செய்யுங்கள். ஆனால் யாரும் வந்து கேட்காத கிணற்றுச் சோதனைக்கு முதல் மாதமே பணம் ஒதுக்குங்கள். பெரிய தொகை இல்லை.

சோதனை எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறைய ஊராட்சிகள் சறுக்குகின்றன. டி.டி.எஸ். மீட்டர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கரைந்த உப்பின் மொத்த அளவை அது சொல்லும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்பது தரநிலை. ஆனால் அந்த மீட்டருக்குக் குரோமியம் தெரியாது. மீட்டரில் 600 காட்டுகிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. குரோமியத்துக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பித்தான் ஆக வேண்டும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பயிற்சி உண்டு. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள். சுய உதவிக் குழுவில் இருப்பவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. எப்போதும் அதே கிணறுகளில் எடுக்க வேண்டும். ஆற்றோரம் ஒன்று, ஊர் நடுவில் ஒன்று, ஏரிக்குக் கீழே ஒன்று. மாதாமாதம் எடுப்பதில் எது தவறினாலும் கோடையில் ஒரு முறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு முறை கட்டாயம். மழை முடிந்து எடுத்த அளவை மட்டும் காட்டி, தண்ணீர் தேறிவிட்டது என்று யாராவது சொன்னால் கோடை அளவை எடுத்து முன்னால் வையுங்கள்.

எழுதி வைத்தால் மட்டும் போதாது. எந்த எண் வந்தால் என்ன செய்வோம் என்பதை எண் வருவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சூழலியல் அறிஞர் ஹாலிங்கும் அவருடன் இருந்தவர்களும் 1970களில் வளர்த்த முறையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரு முடிவை எடுப்போம், அளப்போம், அளவு சொல்வதற்கேற்ப மாற்றுவோம். உதாரணமாக, "ஏரிக்குக் கீழே உள்ள கிணற்றில் அடுத்தடுத்த இரண்டு சோதனையில் 2,000ஐத் தாண்டினால், அந்தக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுவதை அன்றே நிறுத்துவோம், காவிரித் தண்ணீரைக் கூடுதலாகக் கேட்டு ஒன்றியத்துக்கு எழுதுவோம்." நிலைமை கைமீறிய பிறகு உட்கார்ந்து பேசினால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தேர்தல் பக்கத்தில் இருக்கும், கோயில் திருவிழா வரும். முன்பே எழுதியிருந்தால் தலைவர் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தீர்மானம் சொல்கிறது, செய்கிறேன் என்று சொல்லிவிடலாம்.

டேனரி விஷயத்தில் ஊராட்சி என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் "சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறது" என்ற ஒரே பதிலோடு அனுப்பிவிடுவார்கள். பச்சைத்தோலை ஊறவைக்கும் முதல் தொட்டியிலேயே உப்பு தண்ணீருக்கு வந்துவிடுகிறது. நுண்ணுயிரை வைத்து அழுக்கைத் தின்ன வைக்கும் சாதாரணச் சுத்திகரிப்பு உப்பைத் தொடுவதே இல்லை. அதற்காகத்தான் கழிவுநீரே வெளியே போகாத ஏற்பாடு வந்தது. சவ்வு வழியாக நல்ல நீரைப் பிரித்து ஆலைக்கே திருப்புவார்கள், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சிக் கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டி உப்பில் எல்லா உப்பும் கலந்திருப்பதால் வாங்குவாரில்லை, மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் ஏறுகிறது. ஆகவே உங்கள் கேள்விகள் இப்படி இருக்கட்டும்: உப்பு மூட்டைகள் எங்கே இருக்கின்றன? கூரை ஒழுகுகிறதா? குரோமியத்தைத் தனியாகப் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்களா? தோலை ஊறவைக்கும் முன் உப்பை உதறி எடுக்கிறார்களா? கடைசிக் கேள்வி எளிமையாகத் தோன்றும், ஆனால் உதறி எடுத்த ஒவ்வொரு கிலோ உப்பும் நம் கிணற்றுக்கு வராத உப்பு. பெரிய எந்திரம் வேண்டாம், கை வேலையே போதும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் இந்தத் தொழிலை நம்பி ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன. ஷூ கம்பெனிப் பேருந்துகளில் விடியற்காலையில் ஏறும் பெண்களின் சம்பளத்தில்தான் உங்கள் ஊரிலும் பல வீடுகள் நடக்கும். கிராம சபையில் டேனரி என்ற பேச்சை எடுத்தாலே கூட்டம் இரண்டாகப் பிரியும். அவர்களை எதிரியாக்கும் எந்த முடிவும் நிலைக்காது. மூடு என்பதற்கும் விடு என்பதற்கும் நடுவில் இருக்கும் மேற்சொன்ன நான்கு கேள்விகளை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள முடியும். மஞ்சள் மழைநீரில் முதலில் கால் வைப்பதும் சேற்றுத் தொட்டிக்குப் பக்கத்தில் படுப்பதும் தொழிலாளிதான்.

ஆற்றுக்கும் நிர்வாகத்துக்கும் எல்லை பொருந்தாதது இன்னொரு சிக்கல். பழைய வட ஆற்காடு 1989ல் பிரிந்தது, 2019ல் வேலூர் மறுபடி மூன்றாகப் பிரிந்தது. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கும் பாலாறு தமிழ்நாட்டுக்குள் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் வாணியம்பாடியும் ஆம்பூரும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், பேரணாம்பட்டும் வேலூரும் வேலூர் மாவட்டம், வாலாஜாவும் ஆற்காடும் ராணிப்பேட்டை மாவட்டம். மேலே ஓர் ஆட்சியர் அனுமதித்தது கீழே வேறொரு ஆட்சியரின் கிணற்றில் தெரியும். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் உங்கள் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவுக்கு "எங்கள் மாவட்டத்தில் இல்லை" என்று பதில் வரலாம். ஆகவே ஆற்றோர விஷயம் எதுவானாலும் மனுவின் நகலை மேல்மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு ஊராட்சிகளின் தலைவர்களோடு பேசி, ஒரே வாரத்தில் ஒரே மாதிரி கிணறுகளைச் சோதித்தால் கெடுதல் எங்கே தொடங்குகிறது என்று தானாகத் தெரிந்துவிடும். ஒற்றை ஊராட்சி எத்தனை வருடம் அளந்தாலும் அது தெரியாது.

ஏரியைப் பொறுத்தவரை வெளியிலிருந்து வரும் கட்டமைப்பு எதுவும் எனக்குத் தேவையாகப் படவில்லை. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அறிஞர், பொதுச் சொத்தை ஊர் மக்களே விதி போட்டுக் காப்பாற்ற முடியும் என்று உலகம் முழுக்க ஆராய்ந்து காட்டினார், அதற்கு 2009ல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லை தெளிவாக இருக்க வேண்டும், பயன்படுத்துகிறவர்களே விதி செய்ய வேண்டும், கண்காணிக்க ஆள் வேண்டும், மீறினால் சிறிய தண்டனையில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும் என்பது அவர் கண்டது. நம் ஏரிகளில் நீர்க்கட்டி, அதாவது மதகைத் திறந்து தண்ணீர் பங்கிடும் ஊர் ஆள், இருந்த காலத்தில் ஊர் அப்படித்தான் நடத்தியது. இன்றைக்குச் செய்யக் கூடியது, ஏரியை அளந்து எல்லைக்கல் நடச் சொல்லித் தாசில்தாரிடம் கேட்பதும், வரத்துக் கால்வாயை ஊரக வேலைத்திட்டத்தில் தூர்வாருவதும். நூறு நாள் வேலையில்தான் வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் நாகநதிப் படுகையில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் நீர்செறிவுக் கிணறுகள் தோண்டினார்கள். வாய்ப்பிருந்தால் கணியம்பாடிப் பக்கம் போய் ஒன்றைப் பார்த்து வாருங்கள், எந்த இடத்தில் தோண்டினார்கள், ஏன் என்று கேளுங்கள். இடத்தேர்வில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைசியாக, தீர்மானம் எழுதும் முறை. "ஏரியைப் பாதுகாப்பது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வரி எல்லா ஊர்த் தீர்மானப் புத்தகத்திலும் இருக்கும். அதில் செய்ய வேண்டியவர் யார் என்று இல்லை, எந்தத் தேதிக்குள் என்று இல்லை. நீங்கள் எழுதுவதில் ஆறு விஷயம் இருக்கட்டும், தலைவர் அம்மா: எந்த வழிகளை யோசித்தோம், எதைச் சல்லடையில் தள்ளினோம், ஏன் இதை எடுத்தோம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எந்த எண் வந்தால் மறுபடி பேசுவோம். தள்ளிய வழிக்குக் காரணம் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். அடுத்த தலைவரிடம் ஒரு ஒப்பந்ததாரர் ஏரிக்கரை இடத்தையே மறுபடி கொண்டுவரும்போது, அது ஏன் தள்ளப்பட்டது என்று புத்தகத்தில் இருக்க வேண்டும்.

கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அந்தக் கூட்டத்தை முழுக்கத் தண்ணீருக்கே ஒதுக்குங்கள். மூன்று கிணற்று அளவையும் பெரிய எழுத்தில் தட்டியில் எழுதி, சோதித்த பெண்களையே எழுந்து படிக்கச் சொல்லுங்கள். ஜனவரி 26ல் தொடங்கினால் முதல் சோதனை முடிவு கையில் வர அதற்குள் நேரம் இருக்கிறது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும்போது எடுத்த தேதி, நேரம், கிணற்றின் சர்வே எண் மூன்றையும் பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள், ரசீதை ஊராட்சிக் கோப்பில் வையுங்கள்.